முதல் பக்கத்தில் எங்கள் வீடு

சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் இருக்கிறது எங்கள் வீடு. கணவருக்கு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை. பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போனதும் நாங்கள் மாடிக்குக் குடியேறி, கீழ்த்தளத்தை இரண்டு அறை கொண்ட விருந்தினர் விடுதியாக மாற்றினோம். அதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா அச்சரப்பாக்கத்தில் கணக்கு டீச்சர். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போது நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அதற்குப் பிறகும் சக்கர நாற்காலியிலேயே பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்துகிறவள். அவளுக்குக் கடல் என்றால் உயிர். ஒருமுறை விடுமுறைக்கு ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். "ரெண்டே படிதாங்க" என்று போனில் சொன்னார்கள். போனால் ஆறு படி. நான்கு பேர் சேர்ந்து நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவே இல்லை.

திரும்பி வரும்போது காரில் அக்கா சொன்னாள்: "இனிமே என்னை எங்கியும் கூப்டாத. மூட்ட தூக்கற மாரி தூக்கறானுங்க."

எங்கள் கீழ்த்தளத்தை இடித்துக் கட்டியபோது அந்தப் பேச்சுதான் காதில் இருந்தது. கதவுகளை அகலமாக்கினோம். வாசலில் படிக்குப் பதில் சாய்வுதளம். குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரெல்லாம் எவர்சில்வர் கம்பிகள். அக்கா வந்து ஒவ்வொன்றாகச் சோதித்தாள். "வாஷ்பேசின் முட்டியில இடிக்குது, ஏத்து." "இந்த சாய்வுல நான் எறங்கனா நேரா கேட்லதான் போய் நிப்பேன்." கொத்தனார் முனகிக்கொண்டே இரண்டாவது தடவையும் சாய்வுதளத்தை உடைத்துக் கட்டினார்.

எல்லாம் முடிந்தது. ஆட்கள்தான் வரவில்லை. கணவரின் அலுவலகத்தார் யாராவது சொல்லி ஒன்றிரண்டு பேர் வந்தால் உண்டு. மாமல்லபுரத்தில் தங்க இடம் என்று நெட்டில் தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டியும் எங்கள் பெயர் தட்டுப்படவில்லை.

அப்போதுதான் செங்கல்பட்டில் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை மாடியில் அவருடைய அலுவலகம். நமக்கு ஒரு வலைத்தளம் அமைத்து, நெட்டில் தேடுகிறவர்களின் கண்ணில் நம் பெயர் முதலில் படும்படி அதைச் செப்பனிட்டுத் தருவது அவர் தொழில். எஸ்.இ.ஓ. என்றார். நாற்பது வயதிருக்கும். கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஒங்களுக்கு இன்னா மேடம் ஆவணும்?"

"நெறைய பேர் கூப்பிடணும் சார்."

"கூப்ட வெச்சிரலாம். ஆனா உடனே நடக்காது. மூணு நாலு மாசம் பொறுக்கணும்."

அவர் கேட்ட மாதக் கட்டணம், வீட்டைப் பெருக்கித் துடைக்க வரும் அம்மாளின் சம்பளத்தையும் கரண்ட் பில்லையும் சேர்த்ததற்குச் சமம். கணவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிக்கிறதா இருந்தா கண்ணுக்காவது தெரியும்" என்றார். எனக்கும் அதே பயம். மாதாமாதம் பணம் அனுப்புவேன். பதிலுக்கு எனக்குப் புரியாத கோடுகள் போட்ட ஓர் அறிக்கை வரும். கோடு மேலே போனால் நல்லது என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தேன்.

நான்காவது மாதம் போன் அடிக்க ஆரம்பித்தது. பிறகு நிற்கவே இல்லை.

"மேடம், பசங்க பதினஞ்சு பேர் வர்றோம், டிஜே வெச்சிக்கலாமா?"

"ஸ்விம்மிங் பூல் கீதா?"

"பேச்சிலர்ஸ் அலவ்டா? சரக்கு நாங்களே கொண்டாந்துருவோம்."

சமையல் பாதியில், கோயிலில், பஸ்ஸில், எங்கே இருந்தாலும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. வீட்டுவேலைக்கு வரும் அம்மாளே சலித்துக்கொண்டார்: "இன்னாக்கா இது, பேஜாரா கீது. அந்த போன கெணத்துல போடு."

எதையும் படிக்காமல் ஒரு கூட்டம் முன்பதிவு செய்துவிட்டு வந்தும் இறங்கியது. அறையைப் பார்த்ததுமே ஒருவன், "மச்சான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டடா" என்று கத்தினான். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். போனவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்கள்: 'ரிசார்ட்னு நம்பிப் போகாதீங்க. பாத்ரூம் பூரா கம்பி. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.'

படித்ததும் கண் கலங்கிவிட்டது. அக்காவிடம் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏன்டி அழற? உள்ளதத்தான எழுதிகீறான்."

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள். தயங்கித் தயங்கிப் பேசினாள். "உங்க பாத்ரூம்ல கம்பி இருக்குதுன்னு ஒருத்தர் திட்டி எழுதியிருக்காரே, அது உண்மையா?"

"உண்மைதாம்மா."

"அப்பாடா. எங்கப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷமாச்சுங்க. இப்படி ஒரு எடம்தான் தேடிக்கிட்டே இருந்தேன். உங்க வெப்சைட்ல இதை எங்கயுமே சொல்லலையே?"

முன்பதிவைக் குறித்துக்கொண்டு போனை வைத்தேன். எங்கள் வலைத்தளத்தைத் திறந்து முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். 'குறைந்த விலையில் ஜாலியான கடற்கரை ரிசார்ட்' என்று இருந்தது. சக்கர நாற்காலி என்ற சொல்லே இல்லை.

ஒப்பந்தத்தை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்தேன். ஆனால் போகவே பயமாக இருந்தது. இதே போன்ற ஒரு வேலையை நிறுத்தியபோது தளத்தின் கடவுச்சொல்லையெல்லாம் வேறோர் ஆள் பிடித்துவைத்துக்கொண்டு அலையவிட்டதாகப் பக்கத்து ஓட்டல்காரர் சொல்லியிருந்தார். சண்டை போட வேண்டிவந்தால் என்னென்ன பேசுவது என்று செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவர் நான் சொன்னது முழுவதையும் கேட்டார். இந்தத் தடவை கணினியைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு காகிதத்தில் கடவுச்சொற்களையெல்லாம் எழுதி என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஒங்களுது மேடம். நிறுத்தறதுன்னா இன்னிக்கே நிறுத்திக்கலாம். ஆனா ஒன்னு கேக்கறேன். அந்த வூட்டுல அப்டி இன்னாதான் கீது? நான் பாத்ததே இல்லியே. நெறைய பேர் கூப்டணும்னீங்க, நெறைய பேர் எதத் தேடறானோ அத எழுதிட்டேன்."

ஒத்திகை பார்த்த வசனம் எதற்கும் வேலை இல்லாமல் போனது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். "வந்துதான் பாருங்களேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்தார். அக்காவும் வந்திருந்தாள். வெளியே அவளுடைய பழைய சக்கர நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவரை உட்காரவைத்து, "போய்ட்டு வாங்க சார்" என்றாள் டீச்சர் குரலில். சாய்வுதளத்தில் ஏறி, அறைக்குள் சுற்றி, குளியலறைக்குள் போய்த் திரும்ப அவருக்கு வெகுநேரம் ஆனது. வெளியே வந்தபோது சட்டை நனைந்திருந்தது.

"மேடம், நீங்க கூப்டறவங்ககிட்ட பேசறத அப்டியே எழுதிக் குடுங்க. கதவு எத்தினி அங்குலம், படி கீதா இல்லியா, டாய்லெட் எத்தினி ஒசரம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அக்கா குறுக்கே சொன்னாள்: "ஊர்ல யாரும் பெரிய வார்த்தையெல்லாம் போட்டுத் தேட மாட்டாங்க சார். 'அம்மாவால படி ஏற முடியாது, ரூம் கெடைக்குமா'ன்னுதான் தேடுவாங்க."

அவர் அதை அப்படியே போனில் குறித்துக்கொண்டார்.

நானும் அக்காவும் உட்கார்ந்து எழுதினோம். அளவுகளை அவள் சொல்ல, நான் எழுத. குளியலறைப் படம்தான் முதலில் வரவேண்டும் என்று அடம்பிடித்தாள். கடல் படம் அதற்குக் கீழே போனது. புதிய பக்கம் ஏறியதும் போன் அடங்கிவிட்டது. அறிக்கையில் கோடு சரிந்தது. இருந்ததையும் கெடுத்துக்கொண்டோமோ என்று சில நாட்கள் போனையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிறகு ஒவ்வொன்றாக அழைப்புகள் வந்தன. திண்டிவனம், வேலூர், தாம்பரம். யாரும் டிஜே பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் கதவின் அகலத்தைப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள். வாரத்துக்கு வந்த அழைப்புகள் கைவிரலில் அடங்கின. அறைகளோ பெரும்பாலும் நிரம்பியிருந்தன.

இப்போது மாதக் கட்டணம் கிடையாது. அவரே அப்படிச் சொல்லிவிட்டார். "சின்ன எடம், நெட்ல மேல ஏறி நின்னுடுச்சி. எதுனா மாத்தணும்னா கூப்டுங்க, அதுக்கு மட்டும் வாங்கிக்கறேன்." முதலில் கொடுத்த பணம் வீண்தானே என்று கணவர் எப்போதாவது கேட்பார். இருக்கலாம். எங்களிடம் இருப்பது என்ன என்று வாய்விட்டுச் சொல்ல அந்தச் செலவு இல்லாமல் நான் கற்றுக்கொண்டிருப்பேனா என்பது எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் வேலூரிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். நாற்காலியில் இருந்தது மனைவி. காலையில் அவர் குளிக்கப் போனபோது, அவருடைய கணவர் வழக்கம்போலத் துண்டோடு குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளேயிருந்து அந்த அம்மாள் குரல் கேட்டது: "நீங்க போய் டீ குடிங்க. நான் பாத்துக்கறேன்."

அவர் சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டு வராந்தாவுக்கு வந்தார். டீயைக் கொடுத்தேன். துண்டு இன்னும் தோளில் கிடந்தது. ஆற அமர முழுவதையும் குடித்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இன்னொரு டீ கெடைக்குங்களா?" என்று கேட்டார்.