முந்தானை தெரியாத படம்

கத்திரி வெயிலில் தோட்டத்தில் கல்யாணம் வைப்பவர்களை உச்சி வேளையில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றவிட வேண்டும். அப்போதுதான் புத்தி வரும். செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றை ஒட்டி ஒரு பழைய காலத்து பங்களா இருக்கிறது. சுற்றிலும் மாந்தோப்பு, படி இறங்கும் குளம், நடுவில் கல் மண்டபம். இப்போது கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். படத்தில் அழகாகத்தான் இருக்கும், எடுக்கிறவனுக்குத்தான் மண்டை காயும். கேமராவைத் தொட்டால் கை சுட்டது. குளத்துப் படியில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதினார். மரத்தில் சாய்ந்தால் அதற்கும் ஒரு விசில். அன்றைக்கு நாதஸ்வரத்தைவிட அந்த விசிலைத்தான் அதிகம் கேட்டேன்.

மணப்பெண் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, மத்தது எப்படி வேணா எடுத்துக்கோங்க. நானும் அப்பாவும் மட்டும் இருக்கிற மாதிரி நல்லதா ஒரு போட்டோ வேணும். எங்க வீட்ல அப்படி ஒண்ணுகூட இல்லண்ணா."

கல்யாணம் முடிந்த கையோடு அவள் கணவனுடன் புனேவுக்குப் போகிறாள். அப்பா தறிக்காரர். அவள் கட்டியிருந்த முகூர்த்தப் புடவை அவர் நெய்ததுதான். மாம்பழ நிற உடல், அரக்குக் கரை, முந்தானை முழுக்க ஜரிகை.

அந்த மனிதரைப் பிடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மேடையில் தேடினால் பந்தியில் இருந்தார். பந்திக்கு ஓடினால் வாசலில் யாரையோ ஆட்டோ ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். மேடையிலோ வேறு கூத்து. எங்கள் ஊர் தறி ஊர்; பெண்கள் மணப்பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானையைப் புரட்டிப் பின்பக்க நெசவைப் பார்ப்பார்கள். நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் குனிந்த தலைகள்தான். "நிமிந்து பாருங்கமா" என்று கத்திக் கத்தி என் தொண்டை வறண்டுவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் கிளம்புகிற நேரத்தில்தான் அவர் சிக்கினார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து மகளோடு கல் மண்டபத்து நிழலில் நிறுத்தினேன். முந்தானை பெண்ணின் இடது தோளில் தொங்குகிறது. அப்பா அவளுக்கு வலது பக்கம் நின்றால் அது முழுதாகத் தெரியும். அப்படியே நிற்கவைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து கேமராவில் கண்ணை வைத்தால், மனிதர் மகளுக்கு இடது பக்கம் நிற்கிறார். முந்தானையைக் காணவில்லை.

"ஐயா, இந்தப் பக்கம் வாங்க."

"சரிபா" என்று வந்தார். வெளிச்சத்தைச் சரிபார்த்து நிமிர்ந்தேன். மறுபடி அங்கேயே போய் நின்றிருந்தார்.

"ஐயா, நீங்க நெய்ஞ்ச முந்தானைய நீங்களே மறைச்சிக்கினு நிக்கிறீங்க!"

அவருக்கே வெட்கமாகிவிட்டது. பெண்தான் சிரித்தாள்.

"அவரு அப்படிதாண்ணா. தறியில நான் எப்பவும் அப்பாவுக்கு வலப்பக்கம்தான் ஒக்காருவேன். அவரு நெய்வாரு, அந்தப் பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டுற நாடாவ நான் போடுவேன். இந்தப் பொடவைக்கும் நான்தான் போட்டேன்."

"இது தறி இல்லமா, போட்டோ" என்றேன் எரிச்சலோடு. வாசலில் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. காவலாளி வேறு, "டைம் ஆவுதுபா, கெளம்புங்க" என்று விசிலோடு வந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் அப்பாவைத் தோளைப் பிடித்தே வலது பக்கம் நிறுத்தினேன். இந்த முறை அவர் நகரவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைப்பாக நின்றார். முந்தானை பளபளவென்று விழுந்தது. அன்றைக்கு எடுத்ததிலேயே குறை சொல்ல முடியாத படம் அதுதான். ஒருவழியாக முடிந்தது என்று மூச்சு விட்டு, அவரிடம் திரையைக் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குதுபா" என்றார். "ஆனா இந்தப் பக்கம் நின்னா, வேற வீட்டுப் பொண்ணு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்குது."

பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா" என்றாள். காவலாளி மறுபடியும் விசிலை வாயில் வைத்தார். "யோவ், கொஞ்ச நேரம் ஊதாம இருய்யா!" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"உங்க பக்கமே நில்லுங்கய்யா."

அவர் மாறி நின்றார். சொல்லாமலே அவள் பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டார். அவளுக்குக் கண்மை கலைந்திருந்தது. முந்தானை முழுக்க மறைந்துவிட்டது. எடுத்தேன்.

ஆல்பத்தில் அந்தப் படத்தை ஒரு பக்கம் முழுக்க வைத்தேன். ஆல்பம் போய்ச் சேர்ந்த மறுநாள் பெண்ணின் மாமியார் எனக்குப் போன் செய்தார்.

"அப்பாவும் பொண்ணும் நிக்கிற போட்டோல அவ்ளோ பெரிய ஜரிகை முந்தானையே தெரியலையேபா. பாக்கிறவங்க என்ன சொல்லுவாங்க? முந்தானை தெரியுற மாதிரி வேற எடுக்கலையா?"

எடுத்திருந்தேன். "இல்லீங்கமா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.