கனகவல்லியின் வானத்தில் ஒரு படகு

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே, 1999 ஜூனில், கனகவல்லி நிக்டியில் ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள். வாட்டர் கலர் சொல்லிக்கொடுத்த தேஜஸுக்கு இருபத்தெட்டு வயது. அவன் அவளை மராத்தியில் காக்கூ, அதாவது சித்தி, என்றான். அவள் அவனை சார் என்றாள்.

முதல் பாடம் வாஷ். பலகையைச் சாய்த்து வைத்து, நீர்த்த நீலத்தை மேலிருந்து பட்டை பட்டையாக இழுக்க வேண்டும். அடி விளிம்பில் தேங்கும் ஈரத்தை அடுத்த இழுப்பு கீழே கொண்டுபோகும். காயும்வரை கை வைக்கக் கூடாது. அதுதான் அவளால் முடியவில்லை. எங்கோ ஒரு திட்டு கண்ணை உறுத்தும், தொடுவாள், காலிஃப்ளவர் மாதிரி கறை பூத்துவிடும். மழைக்காலத்தில் காகிதம் காயவே காயாது. ஐம்பது தாளாவது போயிருக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, கடக்வாஸ்லா அணைக்கு மேலே மழை விட்ட வானம், ஒரு தழும்பும் இல்லாமல் அவள் தாளில் தண்ணீரோடு கரைந்து இறங்கியது.

டிசம்பரில் மாணவர்களின் கண்காட்சி. கணவர் அருணாச்சலத்தோடு போனவளுக்குத் தன் படம் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. வானத்தில் ஐந்து பறவைகள். தண்ணீரில் ஒரு பாய்மரப் படகு.

"யார் சார் இதைப் போட்டது?" என்று இந்தியில் கேட்டாள்.

"நான்தான், காக்கூ. படம் வெறிச்சுனு இருந்தது. எல்லார் படத்திலயும் கொஞ்சம் கை வெச்சேன்."

"என்னைக் கேட்டீங்களா?"

அவன் சிரித்தான். "இந்த வயசுல ஏதோ ஆசைக்குப் போடறீங்க. இதுக்குப் போய்க் கோபமா?"

முப்பத்தாறு வருஷம் ஹெட்போனில் யார் யாருடைய அதட்டலையோ விழுங்கியவள், இதை விழுங்கவில்லை. படத்தை ஆணியிலிருந்து கழற்றினாள்.

"விடு, கனகா. எல்லாரும் பாக்காங்க" என்றார் அருணாச்சலம்.

"பாக்கட்டும். நான் போடாத படகுக்குக் கீழ என் பேரை எழுதி வச்சிருக்காரு. பொய்யில்லையா இது?"

வீட்டில் ஈரப் பஞ்சால் பறவைகளையும் படகையும் ஒற்றி எடுத்தாள். அவற்றோடு வானமும் உரிந்து வந்தது. ஆத்திரத்தில் அழுதாள்.

ஆனாலும் அடுத்த ஞாயிறு வகுப்புக்குக் கிளம்பினாள். "அங்கயா போறே?" என்றார் அருணாச்சலம்.

"அவருக்கு வாஷ் நல்லா வரும். எனக்கு இன்னும் வரலை. அதுக்காகப் போறேன்."

தேஜஸ் தூரிகையோடு குனிந்தபோது தாளுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "வாயால சொல்லுங்க, சார்."

அவன் முகம் சுருங்கியது. ஆனால் வாயால் சொன்னான். பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த மாணவி ஸ்ரீவித்யாவும் மெல்லத் தன் தாளை இழுத்துக்கொண்டாள்.

2001 கண்காட்சியில், அவள் படத்தில், ஏரவாடாவின் தகரக் கூரைகள்மேல் சாம்பல் நிற மழைமூட்டம் தொங்கியது. அதில் வேறு கை படவில்லை. பார்க்க வந்த ஒருவர், "இது இன்னும் முடியலையா?" என்றார்.

"முடிஞ்சாச்சு" என்றாள் கனகவல்லி, வெடுக்கென்று.