பெரிய டிரம்முக்கு இஸ்திரி

தெருவில் இஸ்திரிக்காரர் பெட்டிக்குக் கரி போட்டார். அந்தச் சூட்டு வாசத்தில் நான் எருமப்பட்டிக்கே போய்விட்டேன்.

எண்பதுகளில், மே மாதம் முழுக்க எங்கள் பள்ளிப் பெண்களின் பேண்டு வாத்தியக் குழு லாரியேறி ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும். ஒரு வருஷம் இளம்பிள்ளையில் தோற்றோம், ஆட்டையாம்பட்டியிலும் தோற்றோம். கடைசிப் போட்டி எருமப்பட்டியில். வழியில் கோடைமழை பிடித்துக்கொண்டது. சின்ன டிரம்களை மடியில் பொத்திக்கொண்ட நாங்கள் பெரிய டிரம்மை மறந்துவிட்டோம். ஆட்டுத்தோல் ஊறித் தொளதொளத்தது. அடித்தால் தலையணையைத் தட்டுகிற சத்தம்தான்.

"காய வெக்க வெயிலும் இல்லீங்களே டீச்சர்!" என்று அழப்போனாள் அதை அடிக்கிற நூர்ஜஹான். அடுத்த நிமிடம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு, போட்டி மைதானத்துக்கு எதிரிலிருந்த இஸ்திரிக் கடைக்கு ஓடினாள்; நாங்களும் பின்னால் ஓடினோம்.

"அண்ணா, அவசரமுங்க!"

"எத்தனை துணி சாமி?"

"துணியில்லீங்க, இதைத்தான் தேய்க்கோணும்."

அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தோல்மேல் ஒரு வேட்டியை விரித்து, பூப்போலத் தேய்த்தார். தோல் மெல்ல விறைத்து வந்தது.

"கிழிஞ்சுட்டா என்னையத் திட்டப்படாது, ஆமா!"

மைதானத்தில் நூர்ஜஹானின் முதல் அடி இடி மாதிரி விழுந்தது. கூட்டத்துக்குள்ளிருந்து இஸ்திரிக் கடை அண்ணன் கத்தினார்: "நம்ம இஸ்திரிங்க அது!" சிரிப்பில் நான் ஊதிய பியூகிள் குழல், கன்றுக்குட்டி போல அலறியது. அப்படியும் கோப்பை எங்களுக்குத்தான். டீச்சர் அதிலேயே டீ வாங்கி, முதலில் அந்த அண்ணனிடம் நீட்டினார்.