புது அரிசிக் கஞ்சி

வில்லியனூரில் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களிடம் கலியம்மாள் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். "கஞ்சிக்கா" என்று கேளுங்கள். ரயில்வே கேட்டுக்குப் போகும் வழியில் புங்கமரத்தடியில் நிற்கும் தள்ளுவண்டியைக் கைகாட்டிவிடுவார்கள். நொய்க் கஞ்சி, அதில் வெந்தயமும் பூண்டும், மேலே ஒரு கரண்டி மோர், தொட்டுக்கொள்ள மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் அரைத்த துவையல். குடித்துவிட்டுப் போகிறவன் மத்தியானம் வரைக்கும் பசி என்று வாயைத் திறக்கமாட்டான்.

"கஞ்சிக்காரி" என்று சொல்கிறவர்களும் ஊரில் உண்டு. அவர்கள் அவளிடம் ஒரு வாய் வாங்கிக் குடித்திருக்கமாட்டார்கள்.

நம் ஆட்கள் கஞ்சிக்குச் செய்த அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல. ஒருவன் ஏழை என்று சொல்ல வேண்டுமா, கஞ்சிக்கு வழியில்லாதவன் என்பார்கள். அதே கஞ்சியை வேட்டியில் போட்டு, மொடமொடவென்று இஸ்திரி தேய்த்து உடுத்திக்கொண்டு வந்தால் எழுந்து நின்று கும்பிடுவார்கள். வயிற்றுக்குள் போனால் கேவலம், இடுப்பில் ஏறினால் கௌரவம். இது என்ன கணக்கு என்று கலியம்மாள் பல பேரைக் கேட்டிருக்கிறாள். சிரித்துவிட்டு இன்னொரு கரண்டி மோர் கேட்பார்கள்.

வில்லியனூருக்குப் பக்கத்து ஒதியம்பட்டில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் அவள். நடவு, களையெடுப்பு என்று சேற்றிலேயே நின்றவள். லோடு வேன் ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் குமரவேல் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தபோது மகள் இளவரசி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். நடவு வருஷம் முழுக்க இருக்காது, பிள்ளையின் பசி வருஷம் முழுக்க இருக்கும். தனக்குத் தெரிந்த ஒரே சமையலை அண்டாவில் ஊற்றி, புங்கமரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தாள். அந்த அண்டாதான் இளவரசியைப் படிக்க வைத்தது. இன்றைக்கு அவள் புதுச்சேரி டவுனில் பெரிய ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் நிற்கிறாள். மூன்று பாஷையில் "வாங்க" என்று சொல்கிறாள்.

கஞ்சி கப்பல் ஏறிய கதையை வீட்டுக்குக் கொண்டுவந்தவளும் இளவரசிதான்.

"யம்மா, போர்ச்சுகல்லேர்ந்து லூசியான்னு ஒரு அம்மா வந்து தங்கியிருக்காங்கோ. அவுங்க ஊர்லயும் நம்ப கஞ்சி இருக்குதாம். கோழி போட்டு செய்வாங்களாம். பேரு இன்னா தெரியுமா? கஞ்சா!"

கலியம்மாள் எட்டி அவள் வாயைப் பொத்தினாள். "அடிப்பாவி! மெதுவா சொல்லுடி. போலீசு வந்து அண்டாவத் தூக்கினு போயிடப் போறான்."

இளவரசி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு செல்போனைத் தேய்த்துத் தேய்த்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் கப்பலில் வந்த போர்ச்சுகல்காரர்கள் இந்தப் பக்கத்துக் கரைகளில்தான் அந்தச் சொல்லைப் பொறுக்கிக்கொண்டு போனார்களாம். அவர்கள் வாயிலிருந்து அது இங்கிலீஷுக்குப் போயிற்றாம். அவர்கள் நாட்டில் ஒரு வேலை சுலபம் என்று சொல்வதற்கு, "அது கஞ்சி மாதிரி" என்பார்களாம். இந்தோனேசியாவில் கஞ்சி என்றால் மாவுப்பசை. சொல் தமிழில் பிறந்ததா, சமஸ்கிருதத்தில் பிறந்ததா என்று படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்களாம்.

"ஜப்பான்லயும் கஞ்சி இருக்குதும்மா. ஆனா அங்க அது எழுத்துக்குப் பேரு."

"எழுத்தா? எழுத்த எப்பிடிடி குடிக்கிறது?"

"அது வேற கஞ்சிம்மா. சத்தம்தான் ஒண்ணு. அது சீனாவுல பொறந்தது, நம்ப கஞ்சிக்கு ஒறவே கெடையாது."

உறவு இல்லாத ஜப்பான் கஞ்சியைக் கலியம்மாள் அங்கேயே விட்டுவிட்டாள். உறவுக் கஞ்சிகளைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் முதல் வண்டிக்கு வருகிறவர்களை எல்லாம் விசாரணைதான். ஒடிசாவிலிருந்து வந்து கட்டட வேலை செய்யும் ஜெகன், தங்கள் ஊரிலும் காஞ்ஜி உண்டு, தயிர் ஊற்றிப் புளிப்பாக இருக்கும் என்றான். லாரியை நிறுத்திவிட்டு வந்த பஞ்சாப்காரர் ஒருவர் பானைக்குள் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் ஊரில் கருப்புக் கேரட்டை ஊறப்போட்டு எடுக்கும் காரத்தண்ணீருக்குத்தான் அந்தப் பெயராம். சுல்தான்பேட்டை பாய் ஒருவர், "எங்க நோன்புக் கஞ்சிய வுட்டுட்டு இன்னா ஆராய்ச்சி பண்ற?" என்று கோபித்துக்கொண்டு, ரம்ஜானில் ஒரு தூக்கு கொண்டுவந்து கொடுத்தார்.

நடவுக்காரி கலியம்மாள் கடலூர் தாண்டிப் போனதில்லை. அவள் அண்டாவில் கொதிக்கிற சொல் உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது. அதை நினைத்தபோதெல்லாம் அவளுக்கு நெஞ்சு விம்மியது. அகப்பையைப் பிடித்த கையே தனி மிடுக்காகிவிட்டது.

அந்த மிடுக்கின்மேல்தான் சாமிநாதன் வந்து உட்கார்ந்தார்.

பாகூரில் ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் வைக்கிற குடும்பம் அவருடையது. மகன் அரிகரனும் இளவரசியும் ஒரே ஓட்டலில் வேலை. இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பேச வேண்டிய கட்டத்துக்கு வந்திருந்தது. சாமிநாதன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பெண்ணைப் பிடித்திருந்தது, சீர் செனத்தி எதுவும் கேட்கவில்லை. பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது மட்டும், கஞ்சி போட்ட வேட்டி சரசரக்க, கலியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா நெனைக்காதம்மா. எங்க பக்கம் மனுசங்க ஒரு மாதிரி. கஞ்சிக்காரி வூட்ல பொண்ணு எடுத்தான்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது. கல்யாணத்தோட கடைய ஏறக்கட்டிடு. மண்டபத்துல அந்தப் பேச்சே வாணாம்."

கடையா, மகளா என்று கேட்டால் எந்தத் தாய் கடை என்று சொல்வாள்? "சரிங்க" என்றாள் கலியம்மாள். இளவரசியிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவள் கல்யாணத்தையே வேண்டாம் என்பாள், அப்படிப்பட்ட பெண். கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைசி ஈடு கஞ்சியை ஊற்றிவிட்டு, அண்டாவைத் தேய்த்துப் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வியின் கொல்லையில் கவிழ்த்தாள். புருஷன் போன அன்றைக்கு அழுத அழுகையை அன்றைக்கு மறுபடி அழுதாள்.

ஆரோக்கியசெல்வி அண்டாவைப் பார்த்து, அவள் முகத்தைப் பார்த்து, விஷயத்தைக் கறந்துவிட்டாள். "நீ மூடுடி. நீ கவுத்து வெச்சத நான் நிமித்தாம வுட மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அகப்பையை மட்டும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கார்த்திகை மாசத்து முகூர்த்தம். வில்லியனூர் மண்டபத்தில் முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் என்றபோதே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. சமையல்காரர் சுப்புராயன் இட்லி, பூரி என்று ராத்திரிச் சாப்பாட்டை ஒப்பேற்றினார். மறுநாள் விருந்துக்குப் பழைய அரிசி மூட்டைகள் இறக்கியிருந்தார். அதைப் பார்த்ததும் சாமிநாதனுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது.

"என் புள்ள கல்யாணத்துல வெல அரிசியா? குறுவை அறுத்து, அரைச்சுக் கொண்டாந்திருக்கேன். என் நெலத்து அரிசிதான் எலையில வுழணும்."

"அய்யா, அது புது அரிசி. கொழைஞ்சிபூடும். விருந்துக்கு ஆவாதுங்க."

"நெல்லு வெளைவிக்கிறவனுக்கு அரிசி சொல்லித் தரியா? ஒன் மூட்டைய நீயே ஏத்தினு போ."

சொந்த நிலத்துப் பெருமை கண்ணை மறைத்தால் இப்படித்தான். அவர் வீட்டில் புது அரிசியைப் பொங்கலுக்குப் பொங்கியிருப்பார்கள், அது குழைந்தால்தான் ருசி. ஊருக்கே சோறு போடுவது வேறு சங்கதி என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. சுப்புராயன் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, விடியலில் வருகிறேன் என்று ஆட்களோடு கிளம்பிப் போனார்.

அதற்குப் பிறகு புயல் வந்தது. விடிந்தபோது மண்டபத்தைச் சுற்றி இடுப்பளவு தண்ணீர். சுப்புராயன் அந்தப் பக்கம், விருந்தாளிகள் இந்தப் பக்கம். நல்ல வேளையாக ஐயரும் நாதஸ்வரக்காரரும் மண்டபத்திலேயே படுத்திருந்தார்கள். வெளியே மழை கொட்ட, உள்ளே குறித்த நேரத்தில் அரிகரன் தாலி கட்டினான். கலியம்மாள் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இன்னொரு கையால் அட்சதை போட்டாள்.

தாலி ஏறியாயிற்று, வயிறு? குழந்தைகள் அழ ஆரம்பித்தன. பின்புறத்துத் தகரக் கொட்டகைகளில் இருந்த கட்டடத் தொழிலாளிகளும் தண்ணீர் ஏறி, மூட்டை முடிச்சோடு மண்டபத்துப் படிகளில் வந்து ஒண்டியிருந்தார்கள். பாகூர் உறவுக்காரர்கள் சமையலறையில் புகுந்து, சாமிநாதன் வீட்டு அரிசியைப் பெரிய அண்டாவில் போட்டுச் சோறு வடிக்கப் பார்த்தார்கள். வடிகிற மாதிரி இல்லை. களியாகக் குழைந்து, கரண்டியோடு ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

சாமிநாதன் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீருக்குள் இறங்கி ஆள் தேடப்போய் வந்ததில், வேட்டியில் இருந்த கஞ்சி மொத்தமும் கரைந்து, துணி கால்களில் சுருண்டு கிடந்தது. ஊரைக் கூட்டிப் பட்டினி போட்டவன் என்ற பேச்சு காலத்துக்கும் நிற்கும். அந்த மனுஷர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கலியம்மாள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அந்தப் பேச்சுத்தான் வேண்டாம் என்றிருந்தார்கள். பேசாமல் இருந்துவிட்டால் கொடுத்த வாக்கு நிற்கும். படிக்கட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. பட்டுச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"சம்பந்தி, இது சோறா ஆவாது. நீங்க அழுதாலும் ஆவாது. ஆனா புது அரிசி மாதிரி கஞ்சிக்கு அரிசி இல்ல. மண்டபத்துல சொல்லக் கூடாதுன்னீங்க, சொல்லிட்டேன். இப்ப நவுருங்க."

சாமிநாதன் நகர்ந்தார். வேறென்ன செய்வார்?

ஆரோக்கியசெல்வி எங்கிருந்தோ வந்து, பையிலிருந்து அகப்பையை எடுத்து நீட்டினாள். "இதுக்குத்தான் கொண்டாந்தேன்," என்றாள். பொய்தான், ஆனால் சமயத்துக்கு உதவிய பொய். குழைந்த அரிசியில் வெந்நீரை ஊற்றிக் கட்டி தட்டாமல் கலக்கி, பூண்டும் வெந்தயமும் தட்டிப் போட்டு, ரிசப்ஷனுக்கு வாங்கி மிஞ்சிய தயிரை மோராக்கினாள் கலியம்மாள். மணம் மாடிவரை ஏறியது. படிக்கட்டில் இருந்த ஜெகன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "கஞ்சிக்கா!" என்று கத்தினான். அவன் பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள். எல்லாரும் அவள் வாடிக்கைதான். ஜெகன் சும்மா இருப்பானா? தயிரும் முருங்கைக்காயும் கேட்டு வாங்கி, பக்கத்து அடுப்பில் தன் ஊர்ப் புளிப்புக் காஞ்ஜியை ஏற்றிவிட்டான்.

வாழை இலையில் கஞ்சி நிற்காது. டம்ளர், சொம்பு, சீர்வரிசைக் கிண்ணம் என்று கையில் கிடைத்ததில் எல்லாம் ஊற்றினார்கள். கல்யாணம் பார்க்கவென்றே போர்ச்சுகலிலிருந்து மறுபடி வந்து மாட்டிக்கொண்ட லூசியா, புடவையை ஒரு தினுசாகச் சுற்றிக்கொண்டு, ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். அவள் சொன்னதை இளவரசி மாலையும் கழுத்துமாக நின்று உரக்கச் சொன்னாள்: "சின்ன வயசுல காய்ச்சல் வந்தா இவுங்க அம்மா இதத்தான் குடுப்பாங்களாம். அம்மா ஞாபகம் வந்துடுச்சாம்." பாகூர்ப் பெண்கள் உச்சுக்கொட்டிக்கொண்டு அவளுக்கு இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள்.

கஞ்சி, காஞ்ஜி, கஞ்சா என்று மாடியிலும் கீழேயும் ஒரே சத்தம். எந்தப் பேச்சு மண்டபத்தில் எழக் கூடாது என்று சாமிநாதன் கேட்டுக்கொண்டாரோ, அந்தப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. கலியம்மாளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. கோவில் திருவிழாவில்கூட அவள் அப்படி நின்றதில்லை.

சாமிநாதன் ஒரு சொம்பைக் காலி செய்துவிட்டு, கூச்சத்தோடு மறுபடி நீட்டினார். அவள் ஒன்றும் கேட்காமல் ஊற்றினாள். அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய பெரியப்பா மகன், பாகூரில் அவருக்குச் சமமாக வேட்டி கட்டுகிற ஆள், பெண்ணின் அம்மாவைக் கூட்டத்தில் சரியாகப் பார்த்திராதவர், டம்ளரை வழித்துக்கொண்டே கேட்டார்: "ஏம்பா, இன்னா கைப்பக்குவம்! சமையக்காரம்மா எந்த ஊரு?"

கலியம்மாள் அகப்பையை அண்டாவுக்குள்ளேயே நிறுத்தினாள். இளவரசிக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்து அரிகரன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாமிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஈர வேட்டியை ஒரு கையால் இழுத்துச் சரிசெய்தார்.

"சமையக்காரம்மா இல்லப்பா. என் சம்பந்தி. வில்லியனூர்ல கஞ்சிக்கட வெச்சிருக்காங்கோ," என்றார், படிக்கட்டில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "தண்ணி வடிஞ்சதும் தொறந்துடுவாங்கோ. நீயும் வா, நானும் வரேன்."

கலியம்மாள் முந்தானையால் முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டாள். பிறகு அகப்பையைத் தூக்கினாள்.

"வடியற வரிக்கும் எதுக்கு சம்பந்தி காத்துக்கினு இருக்கணும்? நாளிக்கே தொறக்கறேன். தண்ணியில நிக்கிறவனுக்குத்தான சுடச்சுட வேணும்?"

ஆரோக்கியசெல்வி புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு, தன் கொல்லையில் கவிழ்த்த அண்டாவை நிமிர்த்தத் தண்ணீரில் இறங்கினாள்.