மாதிரி மருந்தகம்

எங்கள் பார்மசி கல்லூரியில் ஒரு மருந்துக்கடை உண்டு. மருந்துதான் கிடையாது. மாணவர்கள் பழகுவதற்காக ‘மாதிரி மருந்தகம்’ என்று போர்டு மாட்டி, காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம். இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் தூசி தட்டுவோம். அந்தக் கடைக்கு ஏற்ற கடைக்காரன் நான். பதினெட்டு வருடமாக மருந்தாளுநர்களை உருவாக்குகிறேன். ஒரு நோயாளிக்குக்கூட மாத்திரை எடுத்துக் கொடுத்ததில்லை. யாராவது கேட்டால் புரொபசர் என்பேன். பார்மசிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள என்னவோ கௌரவக் குறைச்சல்.

போன குற்றால சீசனில், இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலை, எதிரே குற்றாலம் பஸ்ஸுக்காக நின்றிருந்த ஒருவர் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

“பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மூட்ட தூக்குதேன் சார். சுகருக்கு ரெண்டு டாக்டர் குடுத்த மாத்திர இது. ரெண்டையும் போட்டா கிறுகிறுன்னு வருது. சேத்துப் போடலாமா?”

இரண்டு அட்டைகளை நீட்டினார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கம்பெனி வேறு, பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒரே மருந்து. மனிதர் தினமும் இரண்டு மடங்கு விழுங்குகிறார். அதே நேரம் இன்ஸ்பெக்‌ஷன்காரர்களின் கார் கேட்டுக்குள் திரும்பியது.

“இது கடை இல்ல அண்ணாச்சி, காலேஜ். டாக்டர்ட்ட கேளுங்க. கெளம்புங்க.”

“வெள்ளக் கோட்டு போட்ருக்கியளே சார்...” என்று இழுத்தவர், அட்டைகளை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்து, அதே மேஜைக்குப் பின்னால் நின்று, நோயாளியாக நடித்த மாணவியிடம் கனிவாகக் கேட்டேன்: “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?” வந்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கு நாக்கு கூசியது. ஆனாலும் பல்லைக் காட்டிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மறுநாளே தேடிப் போயிருக்கலாம். அந்த வேலை, இந்த வேலை என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு மார்க்கெட்டுக்குப் போய் லோடுமேன்களிடம் விசாரித்தேன். பெயர் என்ன என்றார்கள். நான் கேட்கவே இல்லையே. சுகர் உள்ளவர் என்று மட்டும் சொன்னேன்.

“இங்கன மயங்கி விழுந்தாரே, அவரா சார்? அவரு இப்ப வேலைக்கு வரதில்ல” என்றார் ஒருவர். “நீங்க யாரு, டாக்டரா?”

இல்லை என்று தலையசைத்தேன். அவர் வீடு எங்கே என்று கேட்க வாய் வரவில்லை. தென்காசி பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.