கொட்டாஞ்சேனை அறைக்கு ஒரு விசாரிப்பு

ஞானசவுந்தரிக்கு நாற்பத்தொரு வயது. ஊர்காவற்றுறையில் அவள் பெயரில் ஒரு கல்வீடு இருந்தது. அந்த வீட்டில் அவள் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ள ஒரு கதவு இல்லை. தாய் சாகுமுன் அவளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, மூன்று அறைகள். ஒன்றில் தமையன் லியோனும் அவன் மனைவி மாக்கிறேற்றும். இன்னொன்றில் அவர்களின் இரண்டு பெண்பிள்ளைகள். மூன்றாவதில் லியோனின் படகு மிசினும் வலைகளும் சொகுசாகக் குடியிருந்தன. வீட்டுக்குச் சொந்தக்காரியோ விறாந்தை மூலையில் பழைய சேலையொன்றை மறைப்பாகக் கட்டிவிட்டுப் பத்து வருடமாகப் படுத்தெழும்பினாள்.

“தனி ஆளுக்கு என்னத்துக்கு அறை?” என்பாள் மாக்கிறேற்.

“உனக்குக் கலியாணம் சரிவரட்டும், அண்டைக்கே நாங்கள் எழும்பிப் போறம்” என்பான் லியோன். அது ஊர் வழக்கம். தங்கைக்குக் கலியாணமானால் சீதன வீட்டில் தமையன் குந்தியிருக்க முடியாது.

கலியாணம் இரண்டு தரம் சரிவரப் பார்த்தது. முதலில் நாவாந்துறை மாப்பிள்ளை. பிறகு மன்னாரிலிருந்து ஒரு ஆசிரியர். அவர் தொலைபேசியில் இரண்டு தரம் இவளோடு பேசிச் சிரித்தவர்கூட. படம் மாற்றி, திகதி பார்க்கிற நேரத்தில் இரண்டும் காரணம் சொல்லாமல் நின்றுபோயின. “உன்ரை பலன் அவ்வளவுதான்” என்றான் லியோன். இவளும் அதை நம்பினாள். வேலை செய்கிற கந்தோரில் ஒரு சதக் கணக்கில் பிழை விட்டால் ஊரையே கூட்டுகிற பெண், தன் வாழ்க்கை விஷயத்தில் இப்படி வாயைப் பிளந்துகொண்டு நம்பினாளே என்று நினைக்க எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

இந்த வருடம் கந்தோரில் பதவி உயர்வு வந்தது. கொழும்புக்கு மாற்றம். ஆடி முதலாம் திகதி கடமை ஏற்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய் அறை தேடினாள்.

வெள்ளவத்தையில் மூன்று வீட்டில் கேட்டைத் திறக்காமலே, “தனிப் பொம்பிளையளுக்குக் குடுக்கிறேல்லை” என்றார்கள். ஒரு விடுதியில் வயது கூடிப்போச்சு என்றார்கள். இன்னொரு வீட்டுக்காரர் தகப்பனின் கையெழுத்து வேண்டும் என்றார். தகப்பன் செத்துச் சேமக்காலைக்குப் போய் இருபது வருடம். மாலையாகும்போது யாரைக் கண்டாலும் கடித்துவிடலாம் போலிருந்தது.

கடைசியில் கொட்டாஞ்சேனை. வெள்ளைக்காரன் காலத்து மாடிக் கட்டடம், ஏறும்போது முனகுகிற மரப்படி, ஒரு முழத் தடிப்புச் சுவர். மேல்மாடியில் ஒரேயொரு அறை. அதற்குள்ளேயே குளியலறை, ஒரு மூலையில் சமைக்கக் குசினி, கோயில் கோபுரம் தெரிகிற ஒரு யன்னல். சவுந்தரி கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு திறந்தாள். திரும்பவும் போட்டாள். உள்ளே என்ன செய்கிறீர் என்று அறையைக் காட்ட வந்த காவற்காரர் வெளியில் நின்று கத்தினார்.

“இது வேணும்” என்றாள்.

“அது அம்மா சொல்லவேணும். அவ சரவணையிலை இருக்கிறா” என்றார் அவர். இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கி வந்து பார்த்தால், வீட்டுக்காரி இருப்பது இவளுடைய தீவிலேயே, அரைமணி தூரத்தில்.

வீட்டுக்காரி இலட்சுமிப்பிள்ளை தொலைபேசியில் ஒரு கேள்விதான் கேட்டார். “உம்மைப்பற்றி ஆரிட்டை விசாரிக்கலாம்?” எங்களிடத்தில் மாடு வாங்கவும் விசாரிப்பார்கள், மாப்பிள்ளை எடுக்கவும் விசாரிப்பார்கள், அறை கொடுக்கவும் விசாரிப்பார்கள். சவுந்தரிக்கு வேறு உறவு இல்லை. தமையனின் இலக்கத்தைக் கொடுத்தாள். அவனிடம் முதலில் சொல்லி வைத்தால் மறித்துவிடுவான் என்று பேசாமல் இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சரவணைக்குப் போனாள். இலட்சுமிப்பிள்ளை கதிரையில் இருந்தபடி இவளை நிற்கவைத்தே கேட்டார்.

“ஊர்காவற்றுறையிலை எவடம்?”

“அந்தோனியார் கோயிலடி, அம்மா.”

“ஓ. கடல்தொழிலோ?”

“அண்ணை தொழில். நான் கந்தோர்.”

அம்மாவின் மூக்கு சுருங்கியது. மீன் வாசம் அடித்துவிட்டதாக்கும். “எங்கடை கட்டடத்திலை மீன் மச்சம் காய்ச்சப்படாது. அதை ஒரு சட்டமாச் சொல்லத்தான் இருந்தனான். உமக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு விசாரிச்ச பிறகுதான் தெரிஞ்சுது.”

“ஏனம்மா?”

“உமக்குத்தான் ஒரு சுடுதண்ணி வைக்கவும் தெரியாதாமே. உம்மடை தமையன் எல்லாம் சொல்லிப்போட்டார்.” அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். “ஒருத்தரோடையும் ஒட்டமாட்டீராம். மாசக்கணக்கா வாய் திறவாமல் மூலையிலை இருப்பீராம். உம்மைத் தேடி ஒரு சனம் படியேறாதாம். ஒரு ஆம்பிளை திரும்பியும் பாக்கமாட்டானாம். வேலையும் விறாந்தையும்தானாம் உமக்கு உலகம். இத்தினை வருசமா அறை வாடகைக்குக் குடுக்கிறன், இப்பிடியொரு திறமான ஆள் எனக்குக் கிடைக்கேல்லை.”

அம்மா அடுத்த விரலையும் மடக்கினார்.

“சின்னனிலை வலிப்பு வந்ததாம், பிள்ளை பிறக்கிறது கஷ்டமாம் எண்டும் சொன்னார். எனக்கென்னத்துக்கு அது? அறைக்குள்ளை பிள்ளை கத்தாட்டில் நல்லதுதானே. நான் ஆர் எண்டுகூடக் கேக்கேல்லை. தங்கச்சியைப்பற்றி விசாரிக்கவேணும் எண்டு வாய் திறந்ததுதான், மனுசன் பாடமாக்கினதை ஒப்புவிக்கிற மாதிரித் தொடங்கிட்டார். முடிச்சுப்போட்டு, ‘பெடியன் எவடம்?’ எண்டு கேட்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஃபோனை வைச்சிட்டன்.”

சவுந்தரிக்கு விளங்கியது, தமையன் அதைக் கலியாண விசாரிப்பென்று நினைத்திருக்கிறான். அவளுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை. மன்னார் ஆசிரியரின் தமக்கை விசாரித்ததும் அதே இலக்கத்தில்தான். நாவாந்துறைக்காரரும் அதே இலக்கத்தில்தான். பத்து வருடமாக இந்தப் பாட்டைத் தமையன் பாடிக்கொண்டிருந்திருக்கிறான், இவள் சேலை மறைப்புக்குப் பின்னால் படுத்துக்கொண்டு தன் தலைவிதியை நொந்திருக்கிறாள். கண்ணீர் வந்தது.

“என்ன, அழுறீரோ? அழுற ஆக்களுக்கு நான் குடுக்கிறேல்லை.”

“இல்லை அம்மா. எங்கை கையெழுத்து வைக்கவேணும்?”

வீட்டுக்கு வந்தபோது லியோன் சோறு தின்றுகொண்டிருந்தான். திருக்கைக் கறி. இவளே விடியப்புறம் எழும்பிச் சமைத்து வைத்துவிட்டுப் போன கறி.

“ஆரோ ஒரு மனிசி உன்னை விசாரிச்சு எடுத்தது” என்றான், வாய் நிறையச் சோற்றோடு. “நல்லதாத்தான் சொன்னனான். பாப்பம், உன்ரை பலன் எப்பிடியெண்டு.”

“அது கலியாணத்துக்கு இல்லை அண்ணை. கொழும்பிலை அறை வாடகைக்குக் குடுக்கிற மனிசி. நீங்கள் சொன்னது அவவுக்கு நல்லாப் பிடிச்சுப்போச்சு. சொன்னதெல்லாத்தையும் எனக்கும் ஒண்டும் விடாமல் சொன்னவ.”

லியோன் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். குசினி வாசலுக்கு மாக்கிறேற் வந்து நின்றாள்.

“முதலாம் திகதி நான் போறன்” என்றாள் சவுந்தரி. “இந்த வீட்டை வேறை ஆக்களுக்கு வாடகைக்குக் குடுக்கப்போறன். நீங்கள் ஒரு இடம் பாருங்கோ.”

“உனக்கென்ன விசரே?” மாக்கிறேற் பாய்ந்தாள். “ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளையும் கொண்டு நாங்கள் எங்கை போறது? எங்களுக்கு ஆர் வீடு தருவினம்?”

“ஏன் தராமல்? விசாரிச்சுப்போட்டுத் தருவினம், மச்சாள். பத்து வருசம் ஆரின்ரை வீட்டிலை இருந்தனீங்கள் எண்டு கேட்டால் என்ரை நம்பரைக் குடுங்கோ. அண்ணை மாதிரி எனக்குப் பொய் சொல்ல வராது. நான் உள்ளதை மட்டும் சொல்லுவன்.”