கழுவாமல் வைத்த ஓடு

அன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, தேய்ந்துபோன டூத் பிரஷ் ஒன்றைக் கழுவி ஜன்னல் விளிம்பில் காய வைத்தது. எங்கள் வீட்டில் பழைய பிரஷ்களைக் குப்பையில் போடுவதில்லை. அவை நசீர் சாருக்குப் போக வேண்டியவை. பாறையிலிருந்து எடுத்த, கல்லாகிப்போன கடலுயிர் ஓடுகளில் ஒட்டியிருக்கும் மண்ணை நீக்க அவருக்குத் தேய்ந்த பிரஷ்தான் வேண்டும். "புதுசு முரடு மேடம், ஓட்டுல கோடு போட்டுடும்" என்பார். நான் ஜன்னலை விட்டு நகர்வதற்குள் போன் அடித்தது. திருக்கோவிலூரில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய தம்பி.

"மேடம், அண்ணன் மௌத்தாயிட்டாருங்க. ஃபஜர் தொழுதுட்டுப் படுத்தாரு. டீ குடுக்கப் போனா எழுந்திருக்கல. சாயங்காலம் அஸருக்கு அடக்கம். காலேஜ்ல எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க."

சொன்னேன். அப்படித்தான் உங்களில் பலருக்குச் செய்தி வந்தது. அவரோடு வேலை செய்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் தங்கள் தங்கள் நசீர் சாரை வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரிந்தவரைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் விலங்கியல், அவர் நிலவியல். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் எங்கள் அறைக்கு ஒரு ஸ்வீட் டப்பாவுடன் வந்தார். இனிப்பு என்று நினைத்து எல்லோரும் எட்டிப் பார்த்தோம். உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு கல். ஆட்டுக் கொம்புபோல் சுருண்ட ஓடு, கல்லாகவே மாறியிருந்தது. அதை என் மேஜையில் வைத்துவிட்டு, "இது யாரு மேடம்?" என்றார்.

"யாருன்னா? ஆதார் கார்டா வச்சிருக்கும்?"

"அதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன். கல்லு வயசு நான் பாத்துக்கறேன். ஆளு யாருன்னு நீங்க சொல்லுங்க."

மூன்று வருடம் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அப்படித்தான் தொடங்கியது. அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அவர் சொல்வதையே சொல்கிறேன். பூமியின் காலத்தைப் பல நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு நிலை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட, உலகத்தில் எங்கோ ஓர் இடத்தில், ஒரு பாறை அடுக்கின் அடியில், ஒரே ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அறிஞர் குழு வாக்களித்து முடிவு செய்கிறது. சில இடங்களில் அங்கே ஓர் உலோக ஆணியும் அடித்திருக்கிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள், அந்தப் புள்ளிக்கு அடையாளமான ஓடு தங்கள் பாறையில் எந்த அடுக்கில் முதலில் தோன்றுகிறது என்று தேட வேண்டும். அதுதான் அந்த ஊரில் எல்லை. நாங்கள் தேடியது அரியலூர்ப் பக்கம் ஓர் ஓடையில். அங்கே கடல் இருந்த காலத்தின் அடுக்குகள் கரையில் வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

தம்பியின் கடையிலிருந்து டெய்லர் டேப்பும் சாக்கட்டியும் கொண்டுவருவார். அடியிலிருந்து மேலே ஒவ்வோர் அடுக்காக அளந்து எண் போடுவார். எங்களை வண்டியில் கூட்டிப்போகும் டிரைவர் முனுசாமி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"இன்னா சார், ஓடைக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?"

"அளவு ஜாக்கெட்டு குடுக்க மாட்டேன்னுது முனுசாமி. அதான் நேர்ல அளந்துக்கினு இருக்கேன்" என்றார், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒரு முறை மாணவர்களைக் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனோம். நம் மலையில் ஏன் ஒரு சிப்பிகூடக் கிடைக்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். ஓடு உள்ள உயிரெல்லாம் வருவதற்கு முன்பே உண்டான கல் இது என்றார். அப்படியானால் அந்தக் காலத்துக்கு எல்லை எப்படி வைப்பார்கள் என்று அவள் விடவில்லை. "பெரும்பாலும் பெரியவங்க உக்காந்து ஒரு நம்பரப் போட்டுட்டாங்கம்மா. என்னை ஸ்கூல்ல சேக்கறப்போ வாத்தியார் ஜூன் மாசம்னு ஒரு தேதி போட்டாரே, அந்த மாதிரி. நான் பொறந்தது மழைக்காலம்னு எங்கம்மா சொல்லும்." அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் ஜூனில்தான் பிறந்தநாள். சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஓடையில் அவருக்கு ஒரு விதி இருந்தது. பாறைக்குள் பதிந்திருப்பதை மட்டுமே கணக்கில் எடுப்பார். கீழே கிடப்பது எந்த அடுக்கிலிருந்து விழுந்ததோ, யாருக்குத் தெரியும்? "உருண்டு வந்தது சாட்சி சொல்லாது மேடம்" என்பார். அவ்வளவு கறாரானவர்தான் இன்னொன்றும் சொல்வார்: "ஆரம்பத்தை நாம கண்டுபிடிக்கல. இதுவரைக்கும் பாத்ததுல இதுதான் கீழன்னு சொல்றோம். நாளைக்கு ஒருத்தர் இன்னும் கீழ காட்டினா, தேங்க்ஸ் சொல்லிட்டு மாத்திக்கணும்."

நாங்கள் தேடிய ஓடு பதினான்காவது அடுக்கில் முதலில் தோன்றியது. அதன் அடியே எல்லை என்று கட்டுரை எழுதினோம். அச்சுக்கு ஏற்றுக்கொண்ட செய்தி வந்தபோது இந்த முறை டப்பாவில் நிஜமாகவே இனிப்பு கொண்டுவந்து துறை துறையாகக் கொடுத்தார். அந்த வாரம் அவர் மகள் நிக்காஹ். கடைசியாகச் சில படங்கள் எடுக்க நான் மட்டும் ஓடைக்குப் போனேன். நாங்கள் எழுதிய எல்லைக்கும் கீழே, பதினோராவது அடுக்கில், அதே வகை ஓடு ஒன்று இருந்தது. பாதி வெளியே, பாதி பாறைக்குள். உளியால் தட்டி எடுத்தேன். நிக்காஹ் வீட்டில் அவர் கையில் கொடுத்தபோது, "பதினொண்ணு பக்கத்துல கீழ கிடந்தது சார்" என்றேன்.

"உருண்டு வந்திருக்கும். சரி வைங்க" என்று ஜிப்பா பையில் போட்டுக்கொண்டு, "போய்ச் சாப்பிடுங்க மொதல்ல" என்றார். கட்டுரை அப்படியே அச்சானது.

அவர் சந்தோஷத்தில் கை வைக்க மனம் வரவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மறுபடியும் அந்த வெயிலில் இறங்கி, பதினான்கின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்பத் தேட எனக்கு அலுப்பாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒவ்வொரு தை மாதமும் போன் செய்வார். "மேடம், ஒரு தரம் ஓடைக்குப் போய்ட்டு வரலாமா? எனக்கு முட்டி ஒத்துழைக்கல. நீங்க வந்தா கையப் புடிச்சிக்கினு எறங்கிடுவேன்." நான் பரீட்சை என்பேன், அட்மிஷன் என்பேன். "அதுக்கென்ன, ஓடை எங்கியும் போவாது" என்பார். இந்தத் தையிலும் கேட்டார். இந்தத் தையிலும் நான் ஏதோ சொன்னேன்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஓர் அட்டைப்பெட்டியை எடுத்துவந்து வைத்தார். "'மேடம் சாமான்'னு சொல்லித் தனியா வச்சிருந்தாரும்மா. யாரையும் தொட வுடமாட்டாரு. தூசு தட்டினாகூடத் திட்டுவாரு. எடுத்துக்கினு போங்க."

வீட்டுக்கு வந்து பிரித்தேன். எல்லா ஓடுகளும் பிரஷ் போட்டுப் பளிச்சென்று இருந்தன. ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் நான் கொடுத்த அன்று இருந்த மண் அப்படியே இருந்தது. சுருளின் உட்புறம் வரை இறுகிய சாம்பல் நிறக் களிமண், ஊடே வெள்ளைப் பொட்டுகள். பதினான்காவது அடுக்கு மஞ்சள் மணல். ஓடு அங்கிருந்து உருண்டு வந்திருந்தால் சுருளுக்குள் மஞ்சள்தான் இருக்கும். சாம்பல் களிமண்ணில் வெள்ளைப் பொட்டு பதினொன்றில் மட்டும்தான். நான் கண்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டது, அந்த ஓடையை அங்குலம் அங்குலமாக அளந்தவருக்குப் புரியாமல் போயிருக்காது.

ஒவ்வோர் ஓட்டோடும் அவர் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. மற்றச் சீட்டுகளில் அடுக்கின் எண் மட்டும். இதில் மூன்று வரி. "அடுக்கு 11 அருகே. கீழே கிடந்ததாக வாசுகி மேடம் சொன்னார். கழுவ வேண்டாம்."

என் சொல்லை அவர் அடித்துத் திருத்தவில்லை. பாறையில் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதை நானே வந்து சொல்லட்டும் என்று மண்ணைக் கழுவாமல் வைத்துக்கொண்டு, தை மாதம் தோறும் போன் செய்துகொண்டிருந்தார். ஒரு முறைகூடக் குரலில் வேறு எதுவும் தெரிந்ததில்லை.

அவர் நினைவாக என்னிடம் இருப்பவை: முனை நைந்த ஒரு டெய்லர் டேப், இந்த அட்டைப்பெட்டி, அவருக்குப் போகாமல் ஜன்னல் விளிம்பிலேயே காய்ந்து கிடக்கும் ஒரு பிரஷ். அந்த ஓட்டை நான் கழுவவில்லை.

வருகிற சனிக்கிழமை ஓடைக்குப் போகிறேன். என் உளி விட்ட குழி பதினொன்றில் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். மழை அரித்திருந்தால் பதினான்கின் அடியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகத் தேடிக்கொண்டு கீழே இறங்குவேன். அதன்பின் எங்கள் கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதுவேன். அந்த ஓடு உருண்டு வரவில்லை, பாறையில் இருந்தது, எடுத்தவள் நான் என்று அதில் இருக்கும். கட்டுரையில் அவர் பெயருக்குப் பின்னால் என் பெயர் வந்தது. திருத்தத்தில் என் பெயர் மட்டும் வரும். இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. முனுசாமியிடம் வண்டிக்கே இனிமேல்தான் சொல்ல வேண்டும்.